இழுக்கக் கூடாது

யாரும் இழுக்கவில்லை.
அதுதான் அன்றைக்கு நடந்த முதல் வைத்தியம்.

பாண்டவையாற்றில் புது ரெகுலேட்டர் வேலை,
பாதிவரை எழும்பிய தூண்கள்,
வானம் பார்த்து நிற்கும் முறுக்குக் கம்பிகள்.
தண்ணீர் வந்துசேரும் விடியலில்
பழைய ஷட்டரைத் தூக்க ஏறிய லஸ்கர் உத்திராபதி
பாசியில் வழுக்கினார்.

கம்பி வலது மேல்கையைத் துளைத்து
உள்பக்கம் வெளிவந்து
விலாவுக்குள் புகுந்து
முதுகில் ஒரு விரற்கடை எட்டிப்பார்த்தது.
கையையும் மார்பையும்
ஒரே ஊசியில் தைத்தது போல.

தூக்க ஓடிவந்தவர்களின் குறுக்கே
சென்ட்ரிங் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன்,
பிகாஷாம்,
இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினானாம்:
"எடுக்காதே, எடுக்காதே."
அவனுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான் என்றார்கள்.
நாலுபேர் உடம்பைத் தாங்க
அவன் அடியில் படுத்து ஆக்ஸா பிளேடால் அறுத்தான்.

திருவாரூருக்கு வரும்போது
இரண்டடிக் கம்பி மிச்சம் இருந்தது.
மயக்கம் கொடுப்பவள் நான்.
படுக்கவைக்க முடியாதவரை
எந்தப் பக்கம் படுக்கவைத்துத் தூங்கவைப்பது?
சிடி மிஷின் வளையத்துக்குள்ளும் கம்பி போகாது.
எதிர்ச்சாரி வெல்டிங் பட்டறை ஹாஜா மைதீனை
கிரைண்டரோடு கூட்டிவந்தார்கள்.
பொறி பறக்கும், ஆக்ஸிஜனை நிறுத்தவேண்டும்.
சூடு உள்ளே ஏறும், ஈரத்துணி சுற்றவேண்டும்.
சொன்னேன். தலையாட்டினார்.
குழாயை மூடினேன்.
தொண்ணூற்று மூன்று. தொண்ணூறு.
எண்பத்தாறில் கம்பி அறுந்து விழுந்தது.
ஹாஜா மைதீன் கை ஆடவே இல்லை.
பிறகு வராண்டாவில் போய் வாந்தியெடுத்தார்.

தஞ்சாவூரிலிருந்து காரில் வந்த திலோத்தமை டாக்டர்
விலாவைத் திறந்தார்.
நுரையீரலில் ஒரு கிழிசல்.
இதயம் நாலு விரல் தள்ளித்
தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தபிறகே
கம்பியை வந்த வழியே திருப்பி அனுப்பினோம்,
அவசரமில்லாமல்,
உறங்கும் குழந்தையின் அடியிலிருந்து
கையை உருவுவது போல.
கையில் தமனி இரண்டங்குலம் நசுங்கிக் கிடந்தது.
கெண்டைக்காலிலிருந்து ஒரு சிரையை எடுத்துத்
தலைகீழாகத் திருப்பி வைத்தார் சின்னத்துரை.
சிரைக்குள்ளும் ஷட்டர் உண்டு,
ஒரு பக்கம்தான் திறக்கும்.
முன்கை வீங்குமென்று
அதையும் நீளக் கீறித் திறந்துவிட்டோம்.
பதினொன்றே காலுக்கு
நகக்கண்ணில் மெல்ல ஒரு ரோஜா நிறம்.

குழாய் எடுத்ததும்
அவர் கேட்ட முதல் கேள்வி,
"கடைசிவரைக்கும் வந்துருச்சா?"
நான் அவர் நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தேன்.
"வந்துருச்சுங்க. பதினொன்றே காலுக்கே."
கண்ணை மூடிக்கொண்டு முனகினார்,
"பொய் சொல்றீங்க.
கடைமடைக்கு நாலு நாள் ஆவும்."

ஏட்டு வந்து கம்பியை அளந்து
பேப்பரில் சுற்றி எடுத்துப்போனார்.
விபத்துப் பதிவேட்டில்
நீளம், தடிமன், நேரம் எல்லாம் எழுதினேன்.
பிகாஷுக்கு அதில் கட்டம் இல்லை.
நான் தேடியபோது
அவன் வேலை கரூர்ப்பக்கம் மாறியிருந்தது.

ஐப்பசி மழையில் ஓபி சீட்டோடு வந்தார் உத்திராபதி.
கை தூக்குகிறது. பேனா பிடிக்கிறது.
மோதிரவிரலும் சுண்டுவிரலும்
மடங்கி, மரத்து,
சுண்டுவிரலில் டீ கிளாஸ் சுட்ட கொப்புளம்.
"தெரியவே இல்லீங்க" என்றார்.
"இந்த ரெண்டுக்கும் இன்னும் முறை விடல."

நரம்பு ஒரு நாளைக்கு
ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், அதுவும் வளர்ந்தால்,
என்றேன்.
அவர் இடதுகையால்
அக்குளிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை
சாண் போட்டு அளந்தார்.
உதடு அசைந்தது.

"ரெண்டு தண்ணி" என்றார்.
பிறகு சீட்டை வாங்கிக்கொண்டு
மாத்திரை வரிசையில் போய் நின்றார்.